குழுமாட்டோடு சேர்ந்த வீட்டு மாட்டைக் கூட்டி வருவது எப்படி

பட்டியில் நின்ற பசுவோ இன்னும் கன்று போடாத நாகோ காணாமல் போய், சில மாதம் கழித்துக் குளத்து அலைகரையில், ஆளில்லாமல் காட்டில் கூட்டமாகத் திரியும் குழுமாடுகளோடு நின்று மேய்வதைக் காண்பது இலங்கையின் வன்னியில் புதிதல்ல. 2008, 2009இல் சனம் இடம்பெயர்ந்தபோது அவிழ்த்துவிட்ட மாடுகளில் தப்பியவை காட்டோடு சேர்ந்தன. இன்றைக்குக் குழுவாகத் திரிகிறவற்றில் அவற்றின் வாரிசுகளும் உண்டு. வருசா வருசம் புதிதாகப் போய்ச் சேருகிறவையும் இருக்கின்றன. காலபோக நெல் விதைத்ததும் வயலை விட்டு மாடுகளைக் காட்டோரம் சாய்க்கிறோம், அதாவது மேய ஓட்டிப் போகிறோம். காளைக்கு அலையும் நாகு அந்த நாட்களில் குழுமாட்டுக் காளையான குழுவனின் பின்னால் போய்விடும். யானைக்கு வெருண்டு ஓடுகிறதும், பற்றைக்குள் கன்று போட்டுவிட்டு அதை விட்டுவர மனமில்லாமல் நிற்கிறதும் உண்டு.

அங்கே அது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மயிர் மினுங்கும், விலா எலும்பு தெரியாது, கூட்டத்துக்கு நடுவில் படுத்து அசைபோடும். அதைக் கண்டவுடன் கயிற்றையும் நாயையும் கொண்டு துரத்துவதுதான் எல்லாரும் விடும் பிழை. ஒருமுறை துரத்தப்பட்ட மாடு மனிதரைக் கண்டால் ஓடவேண்டும் என்பதைக் குழுமாட்டிடமிருந்து அன்றைக்கே படித்துவிடும். அதற்குப் பிறகு மூன்று கிழமையில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று மாதம் வேண்டும். இந்த மாட்டைப் பிடிக்க நினைக்காதீர்கள், கூட்டி வர நினையுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அதற்காகத்தான்.

போன கையோடு செய்ய வேண்டியவை

முதல் 10 நாளுக்குள் தெரிந்துவிட்டால் வேலை லேசு. வீட்டில் கன்று நின்றால், பின்னேரம் 4 மணிபோல அதைக் காட்டோரம் கொண்டுபோய்க் கட்டுங்கள். மடி இறுகிய தாய் கன்றின் சத்தத்துக்கு வரும். பால் வற்றத் தொடங்கினால் இந்த இழுப்பு குறைந்துவிடும், ஆகவே நாளைக் கடத்தக்கூடாது. இருட்டினால் கன்றைத் தனியே விட வேண்டாம். சிறுத்தை திரியும் காட்டில் அது கன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமம்.

மாடு கயிற்றோடு போயிருந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். இழுபடும் கயிறு சூரைப்பற்றையிலோ ஈச்சம்பற்றையிலோ சிக்கி, மாடு நின்ற இடத்திலேயே தண்ணீரில்லாமல் சாகும். நாகுக்குக் கட்டிய கழுத்துக்கயிறு, அது வளர வளர இறுகித் தோலை வெட்டிப் புழு வைக்கும். காட்டோரம் மேய விடும் மாட்டுக்குக் கழுத்தில் மூன்று விரல் நுழையும் அளவு இளக்கம் விட்டு, தொங்கும் கயிறில்லாமல் விடுவதே பழக்கமாக இருக்கட்டும்.

அதே கிழமையில் கிராம அலுவலரிடமும் கால்நடை வளர்ப்போர் சங்கத்திலும் மாட்டின் அடையாளத்தை எழுதிக் கொடுங்கள். சூட்டுக்குறி, காதுவெட்டு, காது இலக்கம், கொம்பின் வளைவு, நெற்றிச் சுழி, முதுகுச் சுழி, பல்லின் எண்ணிக்கை எல்லாம் அதில் வர வேண்டும். போனில் பழைய படம் இருந்தால், இரண்டு பக்கமும் தெரியும் படங்களைத் தேடி எடுத்து வையுங்கள். பிறகு மாட்டைக் கொண்டு வரும்போது களவு மாடு என்று யாரும் மறித்தால், நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்ததுதான் உங்களைக் காக்கும்.

எந்தக் காலம், எந்த இடம்

ஆனி தொடங்கி ஆவணி வரை. காட்டுச் சிறு நீர்நிலைகளான மோட்டைகள் வற்றி, குளங்கள் இறங்கி, தண்ணீர் சில இடத்தில் மட்டும் நிற்கும் காலம் அது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களில் தண்ணீர் இறங்க இறங்க அலைகரையில் பச்சைப் புல் முளைக்கும். காடு காய்ந்து கிடக்கையில் அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் குழுமாடு வந்தே ஆகவேண்டும். மாரியில் இதைத் தொடங்கினால் வீண். எங்கும் தண்ணீர், எங்கும் புல், நீங்கள் வைக்கும் எதையும் அது தேடி வராது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆவணிக்குள் கொண்டு வந்தால், ஐப்பசி மழை விழுவதற்கு முன் அதைப் பட்டிக்குப் பழக்க ஒரு மாதமாவது கிடைக்கும். முதல் மழை மணம் வந்ததும் திரும்பிக் காட்டுக்குப் போகாமல் நிற்க அந்த நாட்கள் வேண்டும்.

வைகாசி முதல் ஆடி வரை பாலை பழுக்கும் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். பாலைமரத்தின் கீழும் மேலும் கரடி நிற்கும். அந்த நாட்களில் பாலைக்காட்டு ஒற்றையடிப் பாதையால் தனியே போகக்கூடாது. இருவராகக் கதைத்துக்கொண்டு போங்கள். மாடு பார்க்கும் இடம் வந்த பிறகு மௌனமாகலாம்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ மஞ்சள், சிவப்பு நாடாவோ கட்டிய பக்கம் மாடு போனால் அந்தப் பக்கம் நீங்கள் போகாதீர்கள். மாடு நடந்த தடம் பாதுகாப்பான பாதை என்று நினைப்பதும் பிழை. அது எத்தனை தரம் போய் வந்தாலும் உங்கள் கால் ஒரு சாண் தள்ளி விழும்.

அடி பார்ப்பது

தண்ணீர் ஓரத்து ஈரமண்ணில் விடிய 6 மணிக்கு முன் போய்ப் பாருங்கள். மாட்டின் அடி அகலமாய், இரண்டு குளம்பும் முன்னால் மழுங்கி வட்டம் போலப் பதியும். பெரிய மானான மரையின் அடி ஒடுங்கி முன்நுனி கூராக இருக்கும். எருமையின் அடி மாட்டின் அடியைவிடத் தெளிவாகப் பெரியது, குளம்பிரண்டும் விரிந்து நிற்கும். இரவு வந்த அடியா, முந்தநாள் அடியா என்று தெரிய, குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். புது அடியின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும், குழிக்குள் தண்ணீர் ஊறிக் கலங்கியிருக்கும். ஒரு வெயில் பட்டால் விளிம்பு உதிர்ந்து உள்ளே விழுந்துவிடும். அடிக்குள் எறும்புப் புற்று மண்ணோ சருகோ கிடந்தால் அது பழசு.

அடி கண்ட இடத்தில் 5 முதல் 7 நாள் வெறுமனே பார்க்க மட்டும் வேண்டும். குளக்கட்டில் நின்றோ, மருதமரத்துப் பரணில் இருந்தோ, காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாகப் பாருங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வழியால் காட்டை விட்டு இறங்குகிறது, முன்னுக்கு நடப்பது எது, உங்கள் மாடு யாரோடு ஒட்டி நிற்கிறது, குழுவன் எத்தனை, இவற்றை எழுதி வையுங்கள். கூட்டத்தை நடத்துவது பெரும்பாலும் ஒரு கிழட்டுப் பசு. குழுவன் பின்னால்தான் வரும். உங்கள் மாட்டின் வயிற்றையும் பாருங்கள். சினை 7 மாதத்துக்கு மேல் என்று தெரிந்தால், இந்த வருசம் விட்டுவிட்டுக் கன்று போட்ட பிறகு வாருங்கள். நிறைமாதப் பசுவை நெருக்கினால் கன்று விழும், சிலவேளை தாயும் போகும்.

உப்பும் பழைய கூட்டாளியும்

கரடுமுரடான காட்டு மாட்டை இழுக்க உப்பைவிட நல்லது இல்லை. தண்ணீரிலிருந்து 200 மீற்றர் தள்ளி, கூட்டம் இறங்கும் வழியில், வெட்டிய பழைய டயருக்குள் 2 கிலோ கட்டி உப்போடு 5 கிலோ தவிடு கலந்து வையுங்கள். தண்ணீர் கிட்ட இருக்க வேண்டியது முக்கியம், உப்புத் தின்ற மாடு தண்ணீர் குடிக்க முடியாவிட்டால் நோயாகும். தவிட்டைக் கூட்ட வேண்டாம். தவிட்டுக்குப் பழகாத மாடு வயிறு நிறையத் தின்றால் வயிறு புளித்து ஊதும். ஆவணியில் பனம்பழம் விழும் இடமென்றால் நாலைந்து பழத்தைப் பிளந்து போடுங்கள், அதன் மணத்துக்கே வரும். ஆனால் பனம்பழமும் உப்பும் யானைக்கும் பிடிக்கும். விடியக் காலை வைத்து, பொழுது பட முதல் மிச்சத்தை அள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். இரவில் வைத்துவிட்டு வருகிறவரின் டயர் மறுநாள் யானை மிதித்துக் கிடக்கும், மாடும் அந்தப் பக்கம் ஒரு கிழமை வராது.

உப்புக்குப் பழகியதும் உங்கள் சொந்த மாடுகளில் 6 அல்லது 8ஐ அங்கே கொண்டு போங்கள். காணாமல் போனதோடு ஒன்றாய் வளர்ந்த மாடு அதில் கட்டாயம் இருக்க வேண்டும். தாய், கூடப்பிறந்தது, ஒரே கட்டையில் கட்டி வளர்ந்த நாகு எதுவானாலும் சரி. மாடு முகத்தையும் மணத்தையும் லேசில் மறப்பதில்லை. காளைக்கு அலைகிற பசுவையும் 3 மாதத்துக்குக் குறைந்த கன்றையும் கொண்டு போகக்கூடாது. முன்னது குழுவனைக் கூட்டி வரும், பின்னது சிறுத்தையை. இரண்டு மாட்டுக்கு மணி கட்டுங்கள். அந்த மணிச் சத்தத்தை உங்கள் மாடு பட்டியில் கேட்டு வளர்ந்தது.

நாளாந்தம் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே சாரம். நாய் வேண்டாம். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை அரை மைலுக்கு அப்பால் நிறுத்துங்கள். முதல் நாள் குழுமாடு 100 யார் தூரத்தில் தலையைத் தூக்கும். தலை தூக்கியதும் நில்லுங்கள். காது முன்னுக்கு நீண்டு, மூக்கு விரிந்து, ஒரு மாடு சீறினால் பத்தடி பின்வாங்குங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, புல் பிடுங்குவதுபோல் குனிந்து நில்லுங்கள். தலை கீழே போய் மேயத் தொடங்கினால்தான் அடுத்த அடி. இப்படி 4 முதல் 10 நாளுக்குள் இரண்டு கூட்டமும் கலந்து மேயும்.

கலந்த முதல் நாளில் ஏற்படும் காட்சியை அவசரத்தில் தவற விடாதீர்கள். உங்கள் மாடு பழைய கூட்டாளியின் கழுத்தடியில் மூக்கை வைத்து நீளமாய் மணக்கும், பிறகு காதடியை நக்கும். அந்த நக்கல் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. அன்றைக்கே சாய்க்க வேண்டாம். இன்னும் இரண்டு நாள் சேர்ந்து மேயட்டும்.

மூன்றாம் நாள் பின்னேரம் வழக்கமான நேரத்துக்கு அரை மணி முன், நீங்கள் எப்போதும் கூப்பிடும் சத்தத்தோடு உங்கள் மாடுகளை வீட்டுப் பக்கம் சாயுங்கள். முன்னுக்கு ஒருவர், பின்னால் 50 யார் தள்ளி ஒருவர் போதும். குழுமாட்டில் சிலதும் கூட வரும், காட்டோரம் வந்ததும் நின்று திரும்பும். அவற்றை மறிக்கக்கூடாது. மறித்தால் அவை ஓடும், ஓட்டம் உங்கள் மாட்டையும் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் மாடு நின்று இரண்டு பக்கமும் பார்த்துத் தயங்கினால் நீங்களும் நில்லுங்கள். மணி மாடு மட்டும் நடக்கட்டும். இந்த முறையிலேயே வந்துவிடும் மாடுகள் அதிகம். பட்டி வரை வந்து திரும்பிப் போனாலும் மனம் விடாதீர்கள். நாளைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் வரும்.

வராத மாட்டுக்குப் பட்டி

காட்டில் இரண்டு மூன்று வருசம் நின்றதற்கு, அல்லது அங்கேயே கன்று போட்டதற்கு, பொறிப்பட்டி வேண்டும். அதை உங்கள் காணி எல்லைக்குள் அல்லது சங்கத்தின் மேய்ச்சல் தரையில், உரியவரிடம் கேட்டுத்தான் கட்ட வேண்டும். வனத் திணைக்களக் காட்டில் மரம் வெட்டவோ கட்டவோ கூடாது. மடு வீதி, சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காக்களின் எல்லைக்குள் மாடு நின்றால், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து அவர்கள் சொல்வதுபோல்தான் செய்யலாம். சுண்டிக்குளம் 2015இல் சரணாலயத்திலிருந்து தேசிய பூங்காவானது. முந்தி மாடு சாய்த்த இடம்தானே என்று உள்ளே போக முடியாது.

பட்டி வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் பலமில்லாதது மூலையில் நெருங்கிக் கொம்பு வாங்கும். 40 அடி விட்டம் 12 மாட்டுக்குப் போதும். அதற்கு ஐந்தடிக்கு ஒன்றாக 25 கட்டை. ஒவ்வொன்றும் எட்டரை அடி, அதில் இரண்டரை அடி மண்ணுக்குள். வேம்பு அல்லது கீறிய பனை நல்லது. குறுக்குக் கம்புகளை ஐந்து வரிசையாகக் கட்டையின் உள்பக்கம் கட்டுங்கள். மாடு இடித்தால் கம்பு கட்டையில் போய் அமரும். வெளிப்பக்கம் கட்டினால் இரண்டாவது இடியில் கயிறு அறுந்து கம்பு விழுந்துவிடும். முள்ளுக்கம்பி எந்த இடத்திலும் வேண்டாம். உள்பக்கம் முழுவதும் கிடுகோ உரப்பையோ கட்டி மறையுங்கள். வெளி தெரியும் வேலியை மாடு பாயலாம் என்று நினைக்கும், தெரியாத சுவரை மதிக்கும்.

வாசல் 8 அடி. அதிலிருந்து இரண்டு பக்கமும் 60 அடி நீளத்துக்கு விரியும் மறைப்பு, வெளிமுனையில் 40 அடி அகலம். பிரித்து வெளியே விடும் சின்னப் படலையை வாசலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மாடு வந்த வழியைத்தான் திரும்பத் தேடும், எதிர்ப்பக்கம் வைத்த படலையை அது கவனிப்பதே இல்லை.

கட்டி முடித்ததும் இரண்டு கிழமை வாசலைத் திறந்து வைத்தே உப்பும் புல்லும் தண்ணீரும் உள்ளே வையுங்கள். முதல் நாட்களில் வாசலில் வைத்து, பிறகு தினம் இரண்டடி உள்ளே நகர்த்துங்கள். வாசல் படலையை இழுத்து மூடும் கயிறு 40 யார் தள்ளிப் போகட்டும். உங்கள் மாடு நடுவில் நின்று மும்முரமாகத் தின்னும்போது மட்டும் இழுக்க வேண்டும். குழுவன் உள்ளே நின்றால் இழுக்கவே கூடாது, எத்தனை நாள் காத்திருந்தாலும். அடைபட்ட குழுவன் பட்டியையும் உடைக்கும், உள்ளே நிற்கும் கன்றையும் கொல்லும்.

அடைத்த பிறகு 24 மணி நேரம் யாரும் கிட்டப் போகாமல், தண்ணீரும் புல்லும் மட்டும். அடுத்த நாள் காலை குளிரில் மற்றவற்றைச் சின்னப் படலையால் ஒவ்வொன்றாக விடுங்கள், மணி மாடு இரண்டை உள்ளே வைத்துக்கொண்டு. குறி இல்லாத மாட்டில் ஆசை வைக்க வேண்டாம், அதற்கு உரிமை சொல்ல வேறு ஒருவர் இருக்கலாம். உங்கள் பசுவிடம் பால் குடிக்கும் கன்று மட்டும் உங்களது. அது குடிப்பதை அயலவர் இருவருக்கும் கிராம அலுவலருக்கும் காட்டிவிடுங்கள்.

கயிறு

வார்க்கயிறு எறிந்து ஓடும் மாட்டின் கொம்பில் மாட்டுவது பெரிய வித்தைதான். ஆனால் இந்த வேலைக்கு அது தேவையில்லை. பட்டிக்குள் இரண்டே கால் அடி அகலம், 10 அடி நீளத்தில் ஒடுங்கிய வழி ஒன்று கட்டினால், மாடு தானாகத் திரும்ப முடியாமல் நிற்கும். கம்பின் நுனியில் கண்ணியை வைத்துக் கொம்படியில் போடலாம். கழுத்தில் போட்டால் இழுக்கும்போது மூச்சடைக்கும். தும்புக்கயிறு அல்லது பருத்திக்கயிறு, கட்டைவிரல் தடிப்பு. நைலோன் வழுக்கிக்கொண்டு இறுகும், தோலையும் உங்கள் உள்ளங்கையையும் எரிக்கும். இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்டு, கூரான கத்தி ஒன்றை இடுப்பில் வைத்திருங்கள்.

மாடு நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கினால், வாயில் நுரை கட்டினால், உடனே எல்லாவற்றையும் நிறுத்தி நிழலும் தண்ணீரும் கொடுங்கள். உடல் சூடேறிய மாடு அன்றைக்குத் தப்பினாலும் இரண்டு மூன்று நாளில் கால் விறைத்து விழுந்து சாகலாம், மூத்திரம் கறுத்துப் போவது அதன் அறிகுறி. எந்த நிலையிலும் காலை 9 மணிக்குப் பிறகு மாட்டை நெருக்க வேண்டாம்.

வீடு கொண்டு போக, பழகிய சாதுவான ஆண்மாடான நாம்பனோடு இரண்டடி இணைக்கயிற்றால் கழுத்துக்குக் கழுத்துப் பிணைத்து நடத்துவதுதான் நல்லது. அதன் இழுப்புக்கு இது நாலு அடி பின்தங்கும், பிறகு நடந்து பழகிவிடும். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினால் மண் பரவி, தலை முன்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். வேறு பிரதேசம் தாண்டுவதென்றால் மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் போக்குவரத்து அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

எருமையென்றால்

எருமை நம்மை இன்னும் கூடுதலாக நினைவில் வைத்திருக்கும். பால் கறந்த கையின் சத்தத்துக்கு வருசம் கழித்தும் தலை திருப்பும். ஆகவே எருமைக்குப் பட்டியைவிட, தினம் அலைகரையில் நின்று கூப்பிடுவது பலன் தரும். ஆனால் எருமை வியர்ப்பது மிகக் குறைவு, சேறும் தண்ணீரும்தான் அதன் குளிர்ச்சி. வெயிலில் ஒரு மைல் ஓட்டினாலே விழுந்துவிடலாம். அடைக்கும் பட்டியில் ஒரு சேற்றுக்குழி வெட்டித் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். குளத்துக்குள் படுத்திருப்பதை வள்ளத்தில் போய்க் கலைக்கக்கூடாது. முதலையும் அங்கேதான், ஆண் எருமையான கிடாவும் அங்கேதான். காட்டெருமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. கூட்டத்தில் நிற்பது காட்டெருமையா, காட்டோடு சேர்ந்த வீட்டெருமையா என்பதில் சந்தேகமிருந்தால் கயிற்றைத் தொடாதீர்கள். காட்டுக் கிடாவுக்குப் பிறந்த ஆண் கன்று 3 வயது கடந்தால் முரடாகும், அதைப் பட்டியில் வைத்துக்கொள்ள நினைக்க வேண்டாம்.

வந்த பிறகு

28 நாள் தனியாக. மற்ற மாடுகள் பார்க்கலாம், ஆனால் மூக்கோடு மூக்கு உரசவும் ஒரே தொட்டியில் குடிக்கவும் கூடாது. கால்-வாய் நோய், 2020இல் இலங்கைக்கு வந்த தோல் கழலை நோய், எருமையின் தொண்டை அடைப்பான் போன்றவை உள்ளே இருந்தால் பெரும்பாலும் இந்த நாட்களில் வெளிப்படும். கன்று வீசும் நோய் வெளியே தெரியாது, மிருக வைத்தியரிடம் சொல்லி இரத்தம் எடுத்துப் பாருங்கள். அந்த முடிவு வரும்வரை அதன் பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். காது இடுக்கிலும் மடிக்கும் தொடைக்கும் நடுவிலும் உண்ணி மணியாக நிற்கும். பூச்சி மருந்தை மாட்டின் நிறையைக் கணித்துத்தான் கொடுக்க வேண்டும், சினைமாட்டுக்குக் கொடுக்கும் மருந்து வேறு.

முதல் கிழமை காட்டுப் புல்லும் குழையும் மட்டும். இரண்டாம் கிழமை வைக்கோல் கலந்து, மூன்றாம் கிழமை கைப்பிடி தவிடு. ஒவ்வொரு நாளும் தவிட்டைக் கையால் கொடுங்கள். அந்தக் கையை மணந்து நக்கும் நாளில் தலைக்கயிறு பூட்டலாம்.

விட்டுவிட வேண்டிய மாடும் இருக்கிறது. பல வருசம் காட்டில் நின்ற முற்றிய நாம்பன், பூங்காவின் நடுவில் நிற்கும் மாடு, இரண்டு வறட்சிக்கு முயன்றும் உப்புக்கே வராத பசு. இவற்றை இழுத்து வந்தால் கட்டிய இடத்திலேயே நின்று தின்னாமல் மெலியும். குழுவோடு மினுங்கிக்கொண்டு நிற்கும் மாட்டை அப்படிக் கொல்ல வேண்டாம். அலைகரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அது நிற்கும் காட்டில் பன்றிக்கு வெடியும், மிருகம் தட்டினால் சுடும் கட்டுத்துவக்கும் வைக்காமல் அயலவரிடம் கதைப்பது அந்த மாட்டுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

கூட்டி வந்த மாட்டை ஆறு கிழமைக்குப் பிறகு பட்டியோடு மேயச் சாய்க்கலாம், மணி கட்டி. தை அறுவடை முடியும் வரை ஒவ்வொரு இரவும் பட்டியில் அடையுங்கள். கூட வந்த கன்றுக்கு வந்த கிழமையே காது இலக்கம் போட்டுவிடுங்கள்.